பதினான்கு மண் தட்டுகள்

யூலை 8, செவ்வாய்

காலையிலேயே சோளகக் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி. சாப்பாட்டுக் கொட்டிலில் கடைசி மேசையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் முதல் மேசையில் மறுபடி மண். கிணறு இறங்குகிறது. கத்தரிக்கு இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் என்கிறார் இவர், என் வீட்டுக்காரர்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதினான்கு பேர். நிரோஷன் கொழும்பிலிருந்து கூட்டி வருகிறான். ஆட்களுக்கு ஊர் காட்டுவது அவன் தொழில். எங்கள் இடத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவன் மூலம்தான்.

செய்ய:
மொட்டைக்கறுப்பன் அரிசி 2 கி. புடைத்து வைக்க.
முருங்கைக்காய், கத்தரி, பயத்தங்காய் தோட்டத்தில்.
மயிலிட்டி மீன்காரருக்கு வெள்ளியே சொல்ல.
பனம்பழம் விழுந்தால் பணியாரம்.

பத்து மணிக்கு என் சிநேகிதி யோகா வந்தாள். பதினான்கு புதுத் தட்டு, ஆட்டோவில், வைக்கோலுக்குள் வைத்து. ஒன்றும் உடையவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். கலியாணம் செய்து போன வீட்டில் சக்கரம் இருந்தது, பழகிக்கொண்டாள். இப்போது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் சட்டி பானை செய்கிறாள்.

முந்தின தட்டுகளில் குழம்புக் கறை ஊறி நிற்பதைச் சொன்னேன். போன கிழமை வந்த ஒருவர் முகநூலில் படம் போட்டு எழுதியிருக்கிறார்: சாப்பாடு திறம், தட்டைக் கழுவுகிறார்களா தெரியவில்லை. அந்த ஒரு வரி நான்கு நாளாக நெஞ்சுக்குள் கிடக்கிறது.

"கறை பிடிக்கும்தானே. மண் எல்லோ" என்றாள் யோகா. "கஞ்சித் தண்ணியிலை ரெண்டு நாள் ஊறவிட்டுக் காயவிடு. கொஞ்சம் குறையும். முழுக்கப் போகாது."

"மினுக்கமா ஏதும் பூச ஏலாதோ?"

"சூளையிலை உருகிப் பிடிக்கிற பூச்சு வேறை. அதுக்கு என்ரை சூளைச் சூடு காணாது. கடையிலை விக்கிற சாமான் ஒண்டும் உதிலை பூசிப்போடாதை. சாப்பிடுற தட்டு. விளங்குதோ?"

"ஓம்."

விளங்கியது. எழுதி வைக்கிறேன், விளங்கவில்லை என்று பிறகு சொல்லக் கூடாது.

யூலை 10, வியாழன்

வெயில். காற்றுக் கொஞ்சம் குறைவு.

கஞ்சியில் ஊறிய தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் குழம்பு விட்டுக் கழுவினேன். மஞ்சள் வட்டம். தேசிக்காய் தேய்த்தேன், சாம்பல் தேய்த்தேன். நின்றது.

சாவகச்சேரிக்கு பஸ்ஸில் போனேன். சந்தையில் வெங்காயம், பெருஞ்சீரகம். திரும்பும்போது இரும்புக் கடையில் வார்னிஷ் ஒரு ரின், சின்னத் தூரிகை ஒன்று.

"எதுக்கு அக்கா?"

"கதவுக்கு."

ஏன் பொய் சொன்னேன். தட்டுக்கு என்று சொல்லியிருந்தால் அந்த மனுசனே வேண்டாம் என்றிருப்பார். அதனால்தான் சொன்னேன்.

இவர் தோட்டத்தில் நின்ற நேரம் பின்பக்கத்தில் சாக்கு விரித்துப் பதினான்கு தட்டுக்கும் பூசினேன். இரண்டு தரம். பூசப் பூச மண் நிறம் எழும்பி வந்தது, மழை பட்ட மாதிரி. அழகுதான். படம் எடுத்தால் எப்படி இருக்கும் என்றுதான் யோசித்தேன். வேறொன்றும் யோசிக்கவில்லை.

தவமணி அக்கா பாத்திரம் கழுவ வந்தவர் மூக்கைச் சுளித்தார். "என்ன பிள்ளை, பெயின்ற் மணக்குது."

"கதவுக்கு, அக்கா." இரண்டாம் தரம். இது சுலபமாக வந்தது.

யூலை 12, சனி. மாலை ஆறு மணி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். பெரியவர்கள் பதினொரு பேர், பிள்ளைகள் மூன்று. இளநீர் கொடுத்தோம். தட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். வெயில் பட்டு மினுங்கின. எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் வழமையான கதையைச் சொன்னேன்: நீங்கள் சாப்பிடப்போகிற சோறு இந்த மண்ணில் விளைந்தது, சாப்பிடுகிற தட்டும் இந்த மண்ணில் விளைந்தது. (களிமண் வன்னியிலிருந்து டிப்பரில் வருவதைச் சொல்வதில்லை. இதுவரைக்கும் அதைப் பொய்யென்று நினைத்ததும் இல்லை.) தட்டைத் திருப்பி அடியில் இருக்கும் யோகாவின் பெருவிரல் அடையாளத்தைக் காட்டினேன். எல்லாரும் தங்கள் தட்டைத் திருப்பிப் பார்த்தார்கள்.

சோறு ஆவி பறக்கப் பறக்கப் போட்டோம். மீன் குழம்பும் கொதிக்கக் கொதிக்க. ஐந்து நிமிடமும் இராது, ஒருவர் விரலை மணந்து பார்த்தார். பிறகு இன்னொருவர். சோறு தட்டோடு ஒட்டியது. ஒரு அம்மா விரலால் வழித்தபோது மெல்லிய தோல் மாதிரி உரிந்து வந்தது. பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி அரைத் தட்டுச் சாப்பிட்டிருந்தாள். எழும்பி மாமரத்தடிக்குப் போய்க் குனிந்து, சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். ஒரு தரம் இல்லை, நாலு தரம்.

தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாகனத்தில் ஏறினாள். நிரோஷன் வண்டியை ஓட்டினான். சாவகச்சேரி ஆஸ்பத்திரி.

மற்றவர்கள் சாப்பிடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு ஐயா கேட்டார், "தட்டிலை என்ன பூசியிருக்கு?"

நான் சொன்னது இது. சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"தட்டுச் செய்யிற ஆள் ஏதோ பூசித் தந்திருக்கிறா போல. எனக்குத் தெரியாது ஐயா. நான் கேக்கிறன்."

சட்டென்று வந்தது. யோசித்துச் சொன்னதாகக்கூட இல்லை. வாழைக்குலையோடு கொட்டில் வாசலில் நின்ற இவர் என்னைப் பார்த்தார். குலையை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

நாலரைக்கு நிரோஷன் போன் எடுத்தான். பிள்ளை தேறிவிட்டாள், குடித்த தண்ணீர் வயிற்றில் நிற்கிறது, ஆறு மணிக்கு விடுகிறார்களாம்.

பதினான்கு தட்டையும் உடைத்துப் பின்வேலியடியில் கிடங்கு வெட்டிப் போட்டு மண் மூடினேன்.

யூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன்.

நிரோஷன் முகநூலில் எழுதியிருக்கிறான். எங்கள் இடத்தின் பெயர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்திருப்பான். தட்டின் அடிப்பக்கப் படம், பெருவிரல் அடையாளம் பெரிதாக. இந்த அடையாளம் உள்ள மண் தட்டில் சாப்பிட்டுப் பிள்ளையொன்று ஆஸ்பத்திரியில், செய்கிறவர் நச்சுப் பூச்சு அடித்து விற்கிறார், கவனம்.

கீழே யாரோ: "எனக்கு ஆளைத் தெரியும்." அதற்குக் கீழே ஊர்ப் பெயர். அதற்குக் கீழே அவள் பெயர்.

நூறு பேருக்கு மேல் பகிர்ந்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே கூடிக்கொண்டு போகிறது.

நிரோஷனுக்கு எடுத்து அதை அழிக்கச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் வைத்திருந்தேன். ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்பான். போனை வைத்துவிட்டு உள்ளிப்பூண்டு உரித்தேன். தேவையில்லாத உள்ளி. ஒரு சட்டி நிறைய.

யூலை 14, திங்கள்

யோகா மூன்று தரம் போன் எடுத்தாள். மூன்று தரமும் நான் பேசவில்லை. போன் அடிக்க அடிக்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினொரு மணிக்கு அவளே வந்தாள். சைக்கிளில், அந்த வெயிலில். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பிள்ளைக்கு எப்பிடியாம்?" அதுதான் முதல் கேள்வி.

"ஆஸ்பத்திரியாலை வீட்டை விட்டிட்டினமாம்."

"எடி, நான் ஒண்டும் பூசேல்லை. உனக்குத் தெரியும்தானே. ஆனா எனக்கொரு பயம். போன மாசம் வந்த மண் வேறை இடத்து மண். குளக்கட்டுக்குக் கீழை வயல் கிடக்கு, பூச்சிமருந்து அடிக்கிறவை. அந்த மருந்து மண்ணிலை இறங்கியிருக்குமோ? சூட்டுக்கு அது கிளம்பி வந்திருக்குமோ?"

அவள் நித்திரை கொள்ளவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நகத்துக்குள் சேறு.

"அந்தத் தட்டிலை ஒண்டு காட்டு. கம்பசிலை படிப்பிக்கிற ஒருத்தரைத் தெரியும், குடுத்துப் பாக்கச் சொல்லுவம்."

"எல்லாத்தையும் எறிஞ்சிட்டன்" என்றேன்.

"ஒண்டுகூட இல்லையோ?"

"இல்லை."

பிறகு என் கையைப் பிடித்தாள். "என்னாலை உன்ரை இடத்துக்கும் கெட்ட பேர்" என்றாள். "குறை நினையாதை."

நான் கையை இழுக்கவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். போனாள்.

அவள் சைக்கிள் ஒழுங்கை முனையில் திரும்பும் வரைக்கும் நின்று பார்த்தேன். கூப்பிடலாம், கூப்பிடலாம் என்று நின்றேன். மறைந்துவிட்டாள்.

யூலை 16, புதன்

தவமணி அக்கா யோகா வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர். காலையில் வந்ததும் சொன்னார்.

"அந்தப் பிள்ளை நேற்று எல்லாத்தையும் உடைச்சுப்போட்டுது. சுட்டு அடுக்கி வைச்சதெல்லாம். யாழ்ப்பாணத்து ஹோட்டலுக்கெண்டு செய்த கிண்ணம் மூண்டு டசின். மிச்ச மண்ணையும் அள்ளிக்கொண்டுபோய் வெளிப்பள்ளத்திலை கொட்டிப்போட்டுது. மாமன்காரன் கத்தினார். பிள்ளை கேக்கேல்லை. இன்னொரு பிள்ளைக்கு வருத்தம் வந்தா நான் என்ன செய்யிறதெண்டு சொல்லிச் சொல்லி உடைச்சுதாம்."

ஹோட்டலும் வேண்டாம் என்றுவிட்டதாம். மயிலிட்டிப் பக்கம் விருந்தினர் வீடு நடத்துகிறவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

நான் அரிசி களைந்துகொண்டு நின்றேன். எத்தனை தண்ணீர் என்று தெரியாமல் களைந்திருக்கிறேன். தவமணி அக்கா சட்டியை வாங்கி வைத்தார். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். கதவு ஒன்றுக்கும் வார்னிஷ் பூசப்படவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் தாங்க முடியவில்லை.

பின்னேரம் தோட்டத்துக்குப் போனேன். இவர் கத்தரிக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். சொன்னேன். வார்னிஷ் வாங்கினது, பூசினது, உடைத்து மண்ணுக்குள் தாட்டது, யோகாவிடம் மறைத்தது, எல்லாம்.

அவர் மண்வெட்டியால் ஒரு வாய்க்காலை அடைத்து அடுத்ததைத் திறந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "சனிக்கிழமை குலையோடை உள்ளுக்கை வரேக்கையே மணந்தனான். வார்னிஷ் மணம் எனக்குத் தெரியாதோ?"

"ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீர் அப்பிடிச் சொன்னதும் சரி, தப்பினம் எண்டு நினைச்சன்." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "எனக்கும் இந்த இடம் ஓடோணும் எண்டுதான் இருந்தது" என்றார்.

பாத்தி நிறைந்து தண்ணீர் வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நாளைக்கு யோகாவட்டை நான் ஏத்திக்கொண்டு போறன்" என்றார்.

"வேண்டாம். நான் தனியப் போறன்."

யூலை 17, வியாழன். ஆடிப்பிறப்பு

விடியக் கூழ் காய்ச்சினேன், கொழுக்கட்டை அவித்தேன். யோகாவுக்குக் கொண்டுபோக ஒரு பெட்டியில் எடுத்தேன். பிறகு திருப்பி வைத்தேன். கையில் கொழுக்கட்டை இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு ஊர்க்கதை கதைத்து வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அவள் வளவில் சக்கரம் துணி மூடிக் கிடந்தது. சூளையடியில் உடைந்த கிண்ணங்கள், சிவப்பாக, ஒரு குவியல். அவள் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டு எழும்பினாள்.

"கூழ் குடிக்கிறியோ?"

"இல்லை. ஒண்டு சொல்ல வந்தனான்."

நின்றபடியே சொன்னேன். இருந்தால் சொல்ல வராது. எங்கே வாங்கினேன், எத்தனை தரம் பூசினேன், அந்த ஐயா கேட்டபோது என்ன சொன்னேன். "உன்ரை மண்ணிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான்."

அவள் சாக்கைக் கீழே வைத்தாள். நான் அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. அவளும் அழவில்லை.

"ஒண்டும் பூசாதை எண்டு சொன்னனான் எல்லோ."

"ஓம்."

"திங்கட்கிழமை நான் உன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு மன்னிப்புக் கேட்டனான்."

"ஓம்."

"நீ என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனி."

என் கண் குவியலுக்குப் போனது.

"அண்டைக்குச் சொல்லியிருந்தா உது மிஞ்சியிருக்கும்" என்றாள், குவியலைக் காட்டி. சத்தம் உயரவில்லை. "தட்டிலை பூசினது ஒண்டு. அதைக்கூட ஆசையிலை செய்திட்டாய் எண்டு விடலாம். பொய் சொன்னதும் பயத்திலை. திங்கட்கிழமை என்னத்திலை?"

அவள் மாமனார் உள்ளேயிருந்து "ஆரது?" என்று கேட்டார்.

"ஒருத்தருமில்லை மாமா" என்றாள்.

பிறகு என்னிடம்: "என்னட்டைச் சொல்லி என்ன பிரயோசனம். எனக்கு நான் பூசேல்லை எண்டு முதலே தெரியும். தெரியாத ஆக்களட்டைச் சொல்லு."

மறுபடி குனிந்து அள்ளத் தொடங்கினாள். நானும் குனிந்தேன், உதவ. "விடு" என்றாள். அவ்வளவுதான்.

யூலை 18, வெள்ளி

செய்தது:

1. நிரோஷனுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். பிறகு, "அக்கா, நீங்கள் எழுதினா உங்கடை இடத்துக்கு இனி ஆக்கள் வரமாட்டினம். நான் சும்மா என்ரை பதிவை அழிச்சுப்போடுறன், காணும்தானே" என்றான். ஒரு நிமிடம் அது போதும் என்றுதான் எனக்கும் பட்டது. எழுதி வைக்கிறேன், பட்டது. போதாது என்று சொன்னேன். அழிக்க வேண்டாம், அதற்குக் கீழேயே நான் எழுதுகிறேன், நீயும் திருத்து என்றேன்.

2. எழுதினேன். எங்கள் இடத்தின் பெயர், என் பெயர், செய்தது, சொன்ன பொய், யோகாவின் தட்டில் பிழை இல்லை என்பது. எட்டு வரி. நாலு தரம் அழித்து எழுதினேன். முதல் மூன்றிலும் எனக்காக ஒரு காரணம் எங்கேயோ நுழைந்திருந்தது.

3. பிள்ளையின் தாய்க்குப் போன் எடுத்தேன். கேட்டாள், கேட்டு முடித்து, "டொக்டர் என்ன சாப்பிட்டவ எண்டு கேட்டவர். எங்களுக்குச் சொல்லத் தெரியேல்லை. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது" என்றாள். வைத்துவிட்டாள். அதை நான் யோசித்ததே இல்லை. ஒரு தரமும். பிள்ளை அங்கே கிடக்க, என்ன விழுங்கினாள் என்று தெரிந்த ஒரே ஆள் நான், இங்கே தட்டு உடைத்துக்கொண்டு இருந்தேன்.

4. யாழ்ப்பாணத்து ஹோட்டல். "சரி, பாப்பம்."

5. மயிலிட்டி விருந்தினர் வீடு. போனை எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன்.

6. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பத்தரைக்குத் தானாகவே வந்தார். சொன்னேன். கிடங்கைத் தோண்டிக் காட்டினேன். இரண்டு துண்டு பையில் போட்டு எடுத்துக்கொண்டார். "இரண்டு கிழமை மூடி வையுங்கோ. பிறகு நான் வந்து பாப்பன்." கண்டிப்பான மனுசர். ஆனால் போகும்போது, "ஆக்கள் சொல்லுறேல்லை. நீங்கள் சொல்லிப்போட்டியள்" என்றார்.

அது கொஞ்சம் இதமாக இருந்தது. இருந்திருக்கக் கூடாது.

யூலை 21, திங்கள்

எழுதியதற்குக் கீழே முந்நூறுக்கு மேல் கருத்து. வாசிக்கவில்லை என்று எழுத ஆசை. எல்லாவற்றையும் வாசித்தேன். "இவளையெல்லாம் உள்ளே போட வேண்டும்." "தோட்டத்திலிருந்து மேசைக்கு என்று சொல்லி வார்னிஷ் கொடுத்தவள்." ஒரு பெண்: "மண் தட்டே ஊத்தைதான், பீங்கானில் சாப்பிட்டால் என்ன?" இதற்கு மட்டும் பதில் எழுத விரல் துடித்தது. எழுதவில்லை.

இவர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய், பள்ளத்தில் கொட்டின களிமண்ணை அள்ள முடியுமா என்று பார்த்தார். சரளையும் குப்பையும் கலந்துவிட்டது. வன்னி ஆளைப் பிடித்துப் புது மண் ஒரு லோட் சொல்லி யோகா வளவில் இறக்குவித்தார். யோகா வாசலில் நின்று எங்கே கொட்டுவது என்று காட்டினாளாம். அவரோடு கதைத்தாளாம், மழை எப்போது வரும் என்றெல்லாம்.

"என்னைப் பற்றிக் கேட்டவளோ?"

"இல்லை."

ஓகஸ்ட் 2, சனி

திறந்தோம். பரிசோதகர் நேற்றே வந்து பார்த்துச் சரி என்றார். நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது, ஆகவே மீன் இல்லை, மரக்கறி மட்டும். சனம் வராது என்று நினைத்தேன். இரண்டு மேசைக்கு வந்தார்கள். கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், கொழும்பு ஆசிரியைகள் நாலு பேர்.

வாழையிலையில் போட்டோம். சோறு, முருங்கைக்காய்க் கறி, பயத்தங்காய், கீரை, சொதி. பனங்காய்ப் பணியாரம் தவமணி அக்காவின் கை.

ஆசிரியைகளில் ஒருவர் கேட்டார், "இங்கே மண் தட்டு என்று சொன்னார்களே?"

சொன்னேன். எல்லாவற்றையும். முதலில் குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. சிநேகிதி சொன்னதை, நான் கேட்காமல் விட்டதை, அவள் உடைத்ததை. அவள் உடைத்த இடம் வந்ததும் கதையைக் கொஞ்சம் நிறுத்தினேன். ஒருவர் கண் துடைத்தார். கனடாக்காரர்களும் கதிரையைத் திருப்பிக் கேட்டார்கள். மூத்த ஆசிரியை என் கையைப் பிடித்து, "எவ்வளவு நேர்மை உங்களுக்கு, இந்தக் காலத்தில் யார் சொல்வார்கள்" என்றார். போகும்போது என்னோடு நின்று படம் எடுத்தார்கள்.

நல்ல நாள் என்று எழுதத் தொடங்கினேன். வெட்டிவிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

மூன்று மேசை. மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது மேசை கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன்.

சொல்லிக்கொண்டு போகையில் தவமணி அக்கா சொதிச் சட்டியோடு என் பின்னால் நின்றார். உடைத்த இடத்தில் நான் நிறுத்தியதும் அவர் முன்னால் வந்து, நடுவில் புகுந்து, சொதி பரிமாறினார்.

உள்ளே போனதும் சொன்னார்: "பிள்ளை, நேற்றும் அந்த இடத்திலைதான் நிப்பாட்டினனீர்."

முகம் காது எல்லாம் எரிந்தது. முதலில் தட்டின் கதை சொன்னேன், பிறகு பொய் சொன்னேன், இப்போது பொய் சொன்ன கதையைச் சொல்கிறேன். மூன்றும் ஒரே இடத்தில் நின்று, ஒரே குரலில். மூன்றிலும் யோகாவின் கை, என் வாய்.

கிணற்றடியில் போய் நின்றேன், யாராவது கூப்பிடும் வரைக்கும்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

தூறல். மண் நனையும் முன் நின்றுவிட்டது.

யோகா போன் எடுத்தாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு. முதல் அடியிலேயே எடுத்தேன்.

"ரெண்டு ரீச்சர்மார் வந்தவை" என்றாள். "உன்னட்டைச் சாப்பிட்டவையாம். என்ரை வளவைப் பாக்க வேணுமெண்டு கேட்டுக் கேட்டு வந்தவை. உடைச்ச குவியல் எங்கை எண்டு கேட்டினம். படம் எடுக்கவாம்."

போனோடு கிணற்றடிக்கு நடந்தேன்.

"நீ என்னைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டு இருக்கிறாய் போல."

"நான் செய்த பிழையைத்தான் சொன்னனான்."

"உன்ரை பிழை எண்டாலும் அதுக்குள்ளை நான் இருக்கிறன். நான் பயந்ததும் உடைச்சதும் ஆக்களுக்குச் சோத்தோடை போடுற கறியே?" கோபக் குரல் இல்லை. களைத்த குரல். பின்னால் சக்கரம் ஓடுகிற சத்தம் கேட்டது, அவளே மிதிக்கிறாள் போல. "எழுத வேண்டிய இடத்திலை எழுதிப்போட்டாய். அது காணும். மயிலிட்டி ஆக்கள் திருப்பிப் போன் எடுத்தவை, குவளை கேக்கினம். நான் செய்யிறன். ஆரும் தட்டு வேணுமெண்டு கேட்டா என்ரை நம்பரைக் குடு. ஆனா என்ரை சாமானைப் பற்றி நீ இனி வாய் திறவாதை. கூடாததும் வேண்டாம், நல்லதும் வேண்டாம்."

"ஓம்."

"உனக்குத் தட்டுச் செய்து தருவனோ எண்டு நீ கேக்கேல்லை."

"கேக்க முகமில்லை."

"அப்ப சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

ஓகஸ்ட் 6, புதன்

பத்துப் பேர், லண்டன் குடும்பம். இலை வெட்டினோம், கழுவினோம். மாம்பழம் முடிகிற காலம், கடைசிக் கறுத்தக்கொழும்பான் ஆறு கிடைத்தது.

தலைவாழை இலையைப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பத்து அம்மா கேட்டார், "இஞ்சை மண் தட்டிலைதான் சாப்பாடு எண்டு சொன்னவை. அதுக்கு ஏதோ கதையும் இருக்காமே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை போனை நீட்டிப் பிடித்தது.

"இப்ப தட்டு இல்லை, அம்மா" என்றேன். சோறு போட்டேன்.